வியாழக்கிழமைக் கறை

கக்கூஸ் பேசினில் மஞ்சளாகப் படிவது உப்புத் தண்ணீர்க் கறை. அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்த்தால் கை வலிதான் மிச்சம். முதலில் பேசினைக் காயவிட வேண்டும். பிறகு ஆசிட்டில் நனைத்த துணியைக் கறைமேல் ஒட்டிவைத்துவிட்டு, ஒரு பீடி புகைக்கிற நேரம் வெளியே வந்து நிற்க வேண்டும். துருக்கறைக்கு எலுமிச்சம்பழம் போதும். வெற்றிலைத் துப்பலுக்குச் சோடாவும் வெந்நீரும். நான் லாட்ஜ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பெண்கள் விடுதி என்று பத்துப் பன்னிரண்டு ஊர்களில் வேலை பார்த்தவள். சேரும்போது வேலைக்கு என்ன பெயர் சொன்னாலும், இரண்டு வாரத்தில் வாளியும் துடைப்பமும் என் கைக்கு வந்துவிடும். வந்ததைச் செய்தேன். என் கைக்குப் போகாத கறை என்று அதிகம் இல்லை.

யார் கைக்கும் போகாத கறை ஒன்றை ஒன்பது வயதில் பார்த்தேன். பெங்களூரில், ஒக்கலிபுரத்தில், நாங்கள் குடியிருந்த வடாரத்தில். வடாரம் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு ஒற்றை அறைக் குடித்தனங்கள். நடுவில் ஒரு குழாய், மூலையில் ஒரு கக்கூஸ். முன்பக்கத்துப் பெரிய வீட்டில் ஓனரம்மா. கன்னடக்காரி, விதவை, ஒரே மகள். எங்களோடு தமிழில்தான் பேசுவாள். கோபம் வந்தால் மட்டும் பாதி கன்னடமாகிவிடும்.

எங்கள் அறையில் அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. அப்பா ரயில்வே யார்டில் பெட்டி கோக்கும்போது போய்விட்டார். எனக்கு அப்போது இரண்டு வயது, அதனால் அழுததாக நினைவில்லை. மாமா ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிக அட்டெண்டர். வாடகை அவர் கொடுத்தார். அம்மா ஊதுவத்தி உருட்டினாள். கம்பெனியிலிருந்து கரிமாவும் மூங்கில் குச்சியும் மூட்டையாக வாங்கி வந்து, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகளில் இருந்த பதினொரு பெண்களுக்குப் பிரித்துக் கொடுப்பாள். அவர்கள் உருட்டிய கட்டுகளை வாங்கிக் கம்பெனியில் சேர்ப்பாள். அவளும் உருட்டுவாள். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும்வரை அவள் கை இரண்டும் மணிக்கட்டு வரை கறுப்பாகவே இருக்கும். அம்மாவின் கையின் உண்மையான நிறத்தை நான் தீபாவளியன்றுதான் பார்ப்பேன்.

அந்த வருஷம் எங்கள் சந்துக்குச் சாக்கடைக் குழாய் வந்தது. அதுவரை பின்சந்து வழியாக ஒருத்தி வந்து கக்கூஸ் வாளியை எடுத்துப் போவாள். அவள் பெயர் எங்கள் யாருக்கும் தெரியாது, கேட்டதும் இல்லை. குழாய் வந்ததும் ஓனரம்மா வெள்ளைப் பீங்கான் பேசின் வாங்கிப் பதித்தாள். சந்திலேயே முதல் பீங்கான். கதவில் மாவிலை கட்டித் தேங்காய் உடைத்துத் திறந்தாள். கூரையில் ஓட்டுக்குப் பதிலாக ஒரு கண்ணாடி ஓடு, உள்ளே வெளிச்சம் விழ. பேசின் வெள்ளை என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

வாளிக்காரி நின்றுவிட்டாள். இனி யார் கழுவுவது? ஓனரம்மா வழி கண்டுபிடித்தாள். ஏழு குடித்தனம், ஏழு நாள். முதல் வாரம் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நாங்க எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்றவர்கள்கூட, வீட்டைக் காலி பண்ணலாம் என்று ஓனரம்மா சொன்னதும் துடைப்பத்தை எடுத்தார்கள். இரண்டாம் வாரம் யார் நாளில் பேசின் அதிக வெள்ளை என்ற போட்டியே வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கிற செங்கல் தூளைப் போட்டு எல்லோரும் தேய்த்தார்கள். பீங்கானுக்கு அது ஆகாது. மேலிருக்கும் பளபளப்பு போய்விட்டால் பீங்கானும் சுண்ணாம்புச் சுவரும் ஒன்று, எது பட்டாலும் குடித்துக்கொள்ளும். அன்று யாருக்கும் இது தெரியாது. எங்கள் நாள் வியாழக்கிழமை.

அந்த வருஷம்தான் எலெக்சனும் வந்தது. ஓட்டுப் போடுகிற நாளுக்கு ஒரு வாரம் இருந்தபோது மாமா ஒரு சின்னப் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். ஓட்டுப் போட்டவர்கள் விரலில் வைக்கிற மை அது. அவர் ஆபீசில்தான் ஓட்டுச் சாமான்களெல்லாம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருந்தன. அன்று மாலை அம்மாவுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். நான் குச்சி எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதுப் பெண்ணுக்குக் காது உண்டு என்று மாமா நினைக்கவில்லை.

"அக்கா, நீ ஒண்ணும் பெருசா பண்ண வேணாம். குச்சி வாங்க வர்றாளுங்க இல்ல, ஒவ்வொருத்தி விரல்லயும் ஒரு சொட்டு. இடது கை ஆள்காட்டி விரல். ஓட்டுக்கு முந்தின நாள். ஆளுக்கு ஒரு சீலை."

"மை இருந்தா அன்னிக்கு ஓட்டுப் போட உள்ள விட மாட்டானே?"

"அதுக்குத்தானே சீலை."

அம்மா மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அவளுங்க எலெக்சன்ல நிக்கிற நம்ம ஆளுக்குப் போட மாட்டாளுங்க. அது தெரியும். போடாம இருந்தாலே போதுமாம். நீ சொன்னா கேப்பாளுங்க அக்கா. எலெக்சன் முடிஞ்ச மறுமாசமே என்னை பர்மனென்ட் பண்றேன்னு அவர் வாயால சொல்லிட்டாரு."

"பாக்கலாம்" என்றாள் அம்மா.

மாமாவிடம் அம்மா இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. தலைக்குமேல் கூரை அவர் கையில் இருந்தது. எனக்கென்னவோ, விரலில் ஒரு சொட்டு வைத்துச் சீலையும் கொடுப்பது நல்ல காரியமாகவே பட்டது. எனக்கு யாராவது பாவாடை தருவார்களா என்றுகூட யோசித்தேன்.

மறுநாள் புதன்கிழமை மத்தியானம் அம்மா கம்பெனிக்குப் போயிருந்தபோது மாமாவின் பெட்டியைத் திறந்தேன். பாட்டில் கட்டைவிரல் உயரம்தான். ஒரு துளியைத் துடைப்பக் குச்சியால் எடுத்து என் இடது கை ஆள்காட்டி நகத்தில் வைத்தேன். வெளிர் ஊதாவாக இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று ஏமாற்றமாகிவிட்டது. மூடியைப் போட்டுப் பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்தேன். முற்றத்து வெயிலில் விளையாடிவிட்டு வந்தால் நகம் கறுத்திருந்தது. கழுவினேன், மண்ணில் தேய்த்தேன், எச்சில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

அம்மா வந்ததும் கண்டுபிடித்துவிட்டாள். என் விரலைப் பிடித்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள்.

"எங்கடி எடுத்த?"

"மாமா பொட்டில."

"எவ்ளோ தொட்ட?"

"ஒரு சொட்டு."

"மூடிய இறுக்கிப் போட்டியா?"

"போட்டேம்மா."

விரலை விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடி விழும் என்று கண்ணை மூடினேன், விழவில்லை. "யாருகிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொல்லி, மாமா வருவதற்கு முன்பே சோறு போட்டுப் படுக்கவைத்தாள்.

வியாழக்கிழமை விடியற்காலையில் அம்மா எழுந்து வழக்கம்போலக் கக்கூஸ் கழுவிவிட்டு வந்தாள். பத்து மணி வாக்கில், கண்ணாடி ஓடு வழியாக வெயில் நேராகப் பேசினில் விழுகிற நேரத்தில், ஓனரம்மாவின் குரல் கேட்டது.

"அய்யய்யோ தேவரே! ஏனு ரீ இது? பேசினா, தார் ரோடா? எல்லாரும் வந்து நோடி!"

எல்லோரும் போய்ப் பார்த்தோம். பேசினின் சரிவில், காக்கை இறக்கையை விரித்த மாதிரி ஒரு கறுப்பு. சுற்றிலும் தெறித்த பொட்டுகள். பக்கத்து அறையில் இருந்த ரயில்வே லோகோ ஷெட்காரர் மனைவி, மூக்கைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"இன்னிக்கு யார் நாளு?"

ஆறு குடித்தனமும் எங்களைத் திரும்பிப் பார்த்தது.

ஓனரம்மாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மைசூரிலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அவர்கள் வீட்டில் பீங்கான் இருக்கிறதாம். தன் வீட்டிலும் இருக்கிறது என்று காட்டத்தான் இத்தனை செலவு. "ஞாயித்துக்கெழமைக்குள்ள இது வெள்ளையாகணும். இல்ல, திங்கக்கெழமை உங்க பாத்திரமெல்லாம் ரோட்ல இருக்கும்" என்றாள். அம்மா தலையசைத்தாள்.

மாலை மாமா வந்தார். எட்டிப் பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. தேடிப் பார்த்து, கக்கூஸ் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து காலிப் பாட்டிலை எடுத்தார். மூடி இறுக்கமாகப் போட்டிருந்தது. விளையாட்டுக்குக் கொட்டுகிற குழந்தை காலிப் பாட்டிலை மூடிவைக்குமா என்று மாமாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டது என் நகம்.

மாமாவின் இடுப்பு பெல்ட் அன்று நன்றாகவே உழைத்தது. "நான் கொட்டல மாமா, ஒரு சொட்டுதான்" என்று முதலில் கத்தினேன். அடி விழ விழ எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. கொட்டியிருப்பேனோ? ஒருவேளை பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனேனோ? ஐந்தாவது அடியில் "நான்தான், நான்தான்" என்றேன். ஒப்புக்கொண்டதும் எனக்கு நன்றாக நினைவுகூட வந்தது, பாட்டிலைக் கவிழ்த்தது, காக்கை விழுந்தது எல்லாம்.

"போதும் விடு. சின்னப் புள்ள" என்றாள் அம்மா. அவள் எழுந்து வந்து தடுக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

மாமாவுக்கு இரண்டு பயம். ஒன்று பாட்டில் கணக்கு. அதைக் காலிப் பாட்டிலே தீர்த்தது. மறுநாள் அதை உடைத்து ஆபீசில் இருந்த பெட்டி வைக்கோலுக்குள் சொருகிவிட்டு, வழியில் உடைந்தது என்று எல்லோரோடும் சேர்ந்து அவரும் சொன்னார். இன்னொன்று என் நகம். ஓட்டே நடக்கவில்லை, அதற்குள் ஒன்பது வயதுப் பெண் ஓட்டுப் போட்டிருக்கிறாள் என்றால் கேள்வி எங்கே போய் நிற்கும்? ஒரு எலுமிச்சம்பழத்தைக் குடைந்து என் விரலில் குல்லாய் மாதிரி மாட்டிவிட்டார். யாராவது கேட்டால் நகச்சுத்து என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடமும் ஓட்டு முடியும்வரை கிடையாது. எலுமிச்சம்பழத்தோடு நான் ஆறு நாள் திரிந்தேன். வடாரத்துப் பிள்ளைகள் என்னைப் பார்த்து ஊறுகாய் என்றார்கள்.

"கொழந்த ஏதோ மைப்புட்டியக் கொட்டிட்டா" என்று அம்மா ஓனரம்மாவிடம் சொன்னாள். இத்தனைக்கும் அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது பாசம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் அம்மா பேசினோடு இருந்தாள். புளியும் உப்பும் போட்டுப் பித்தளையைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். சாம்பல், சோடா உப்பு, வெந்நீர். லோகோ ஷெட்காரர் எங்கிருந்தோ ப்ளீச்சிங் பவுடர் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை மாமா பாட்டரிக் கடையிலிருந்து ஆசிட் வாங்கி வந்தார். புகை எழும்பி அம்மா இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்தாள். முற்றத்தில் குனிந்து நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் உள்ளே போனாள். அவள் விரல் நுனிகளில் தோல் உரிந்துவிட்டது. கறையைச் சுற்றி இருந்ததெல்லாம் வெளுத்தது. அதனால் காக்கை இன்னும் கறுப்பாகத் தெரிந்தது.

"எங்க யார் நாள்லயும் இவ்ளோ வெள்ளையா இருந்ததில்லடியம்மா" என்றாள் லோகோ ஷெட்காரர் மனைவி. "அந்தக் காக்கா மட்டும் பறந்துட்டா போதும்."

சனிக்கிழமை அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தாள். மாமா லோகோ ஷெட்காரரைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ரயில் பெட்டிக்கு எழுத்து எழுதுகிற வெள்ளைப் பெயின்ட் ஒரு டப்பா வந்து சேர்ந்தது. மாமாவே உள்ளே உட்கார்ந்து அடித்தார். உற்சாகத்தில் கால் வைக்கிற இரண்டு மேடைகளுக்கும் சேர்த்து அடித்துவிட்டார். காயும்வரை யாரும் போகக் கூடாது. ஏழு குடித்தனமும் சொம்பை வீட்டில் வைத்துவிட்டுப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்து ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் வந்தது. லோகோ ஷெட்காரர் வீட்டில் மட்டும் பாஸ் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைசூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் கனமான அம்மாள். காபி குடித்ததும் எழுந்து முற்றத்துக்கு வந்து கக்கூஸுக்குள் போனாள். நாங்கள் எல்லோரும் அவரவர் வாசலில் ஏதோ வேலையாக இருப்பது போல நின்றோம். அம்மா குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு உருட்ட மறந்திருந்தாள். மாப்பிள்ளையின் தாயார் வெளியே வந்து, பால் மாதிரி வெள்ளை என்று கன்னடத்தில் ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டு நடந்தாள். கக்கூஸ் வாசலிலிருந்து கூடத்து ரத்தினக் கம்பளம் வரை வெள்ளையாகப் பாதச்சுவடு, ஒன்று விட்டு ஒன்று. வலது கால் மேடை மட்டும் காயவில்லை போலிருக்கிறது. மகாலட்சுமி பாதம் என்று ஓனரம்மாவின் அண்ணன் யாரோ சொல்லி வைத்தாராம். சம்பந்தம் முடிவாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை ஓட்டு. காலையிலேயே லோகோ ஷெட்காரர் மனைவி பட்டுச் சேலை கட்டி, தலையில் கனகாம்பரம் வைத்து வந்து நின்றாள்.

"வா, போய்ட்டு வந்துடலாம். கூட்டம் வர்றதுக்குள்ள."

அம்மா கரிமாவு அப்பிய இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். "இந்தக் கையோடயா? நீ முன்ன போ. நான் கழுவிக்கினு வர்றேன்."

கழுவவில்லை. மாவைத் திரும்பப் பிசைந்தாள். பிசைந்து முடிந்த மாவைத்தான் அவள் பிசைகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "நீ போவலியாம்மா?" என்றேன். "எனக்கு எதுக்குடி அதெல்லாம்" என்றாள். அதற்கு முந்தைய ஓட்டுக்கு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் வரிசையில் நின்றவள் என்று மாமா ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மத்தியானம் குடிசைப் பெண்கள் பதினொரு பேரும் ஒன்றாக வந்தார்கள், குச்சி வாங்க. எல்லோரும் பழைய சேலையில்தான் இருந்தார்கள். எல்லோர் விரலிலும் மை. சிரித்துக்கொண்டு என் முன்னால் விரலை நீட்டிக் காட்டினார்கள். நானும் எலுமிச்சம்பழத்தைக் கழற்றி என் விரலை நீட்டினேன்.

"இங்க பாருங்கடி, இந்தக் கலெக்டரம்மா நமக்கு முன்னாடியே போட்டுட்டு வந்துட்டா!"

அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "உனுக்கு எங்கக்கா மை?" என்று ஒருத்தி கேட்டாள். "என் கையில எது மை, எது கரின்னு எந்த ஆபீசருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

மாமாவின் ஆள் ஜெயித்தாரா தோற்றாரா என்பது எனக்கு நினைவில்லை. மாமா பர்மனென்ட் ஆகவில்லை. நான் கெடுத்த காரியம் என்று அவர் கடைசிவரை நம்பினார். அடுத்த வருஷம் பத்ராவதிக்கு வேலை தேடிப் போகும்போதுகூட என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

பத்து நாளில் பெயின்ட் பொரிந்து உரிந்தது. முதலில் காக்கையின் மூக்கு தெரிந்தது, பிறகு ஒரு இறக்கை. ஓனரம்மா மறுபடி கத்தினாள், ஆனால் மகளுக்குத் தேதி குறித்தாகிவிட்டதால் முன்பு போல வேகம் இல்லை. அம்மா அவள் எதிரில் போய் நின்று, இனிமேல் ஏழு நாளும் தானே கழுவுவதாகச் சொன்னாள். ஓனரம்மா யோசிக்கக்கூட இல்லை. மற்ற ஆறு குடித்தனங்களுக்கும் என்மேல் பிரியம் வந்துவிட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு எல்லா நாளும் வியாழக்கிழமை. மாமா போன பிறகு வாடகை இரண்டு மாசம் பிந்தியபோதுகூட ஓனரம்மா எங்களைப் போகச் சொல்லவில்லை. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஒரு மூட்டையோடு முதல் ரயில் ஏறிய காலையிலும் அம்மா பேசின் கழுவிவிட்டுத்தான் ஸ்டேஷனுக்கு வந்தாள்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. ஓட்டு முடிந்து நாலு மாசம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, கரிமாவு வராததால் வேலை இல்லை. அம்மா எண்ணெய் தேய்த்துக் குளித்து, என்னையும் குளிப்பாட்டி, முற்றத்து வெயிலில் பிளேடோடு உட்கார்ந்தாள். என் ஆள்காட்டி விரலின் கறுப்பு வளர்ந்து வளர்ந்து நகத்தின் நுனிக்கு வந்திருந்தது, பிறை மாதிரி. அதை வெட்டினாள். பிறகு தன் இடது கையை விரித்து ஆள்காட்டி விரல் நகத்தை வெட்டினாள். அதிலும் நுனியில் ஒரு கறுப்புப் பிறை. இரண்டையும் காகிதத்தில் மடித்து, உள்ளே போய் அடுப்பில் போட்டுவிட்டு வந்தாள்.

"உனுக்கும் கறுப்பா இருக்குதேம்மா?" என்று கேட்டேன்.

"கரிமாவுடி. போவவே மாட்டேங்குது" என்றாள்.

அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் மற்ற ஒன்பது விரல்களும் எண்ணெய்க் குளியலில் சுத்தமாக இருந்தன. கரிமாவு நகத்தோடு சேர்ந்து வளராது என்பது எனக்கு அப்போது தெரியாது.